வெளியே போன தடம்

என் பெயர் சோமோயே. தகப்பனார் பெயர் பக்காரி சிலும்பா. கணவர் ஈசா மகாமே காலமாகிவிட்டார். வயது ஐம்பத்திரண்டு என்று அட்டையில் இருக்கிறது, நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். லிண்டி நகருக்கு மேற்கே நாம்பேலா கிராமத்தில், முந்திரித் தோப்பை ஒட்டிய கடைசி வீட்டில் தனியாகக் குடியிருக்கிறேன். சோளமும் மரவள்ளியும் பயிர் செய்கிறேன். ஒரே மகள், கட்டிக்கொடுத்த ஊரில் இருக்கிறாள். இன்று விடிந்ததும் புறப்பட்டு நடந்தே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. எழுதும் இடத்தில் குற்றவாளி என்று போடுவதா, சாட்சி என்று போடுவதா என்று அதிகாரி கேட்டார். எனக்கும் தெரியவில்லை, நடந்ததைச் சொல்கிறேன், பிறகு நீங்களே பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

எங்கள் ஊரில் சோளம் முற்றும் காலத்தில் காட்டுப் பன்றிகள் இறங்கும். ஓர் இரவு கண்ணயர்ந்தால் ஒரு வருடச் சாப்பாடு போய்விடும். ஆகவே அவரவர் கொல்லையில் பரண் கட்டி, இரவில் அதிலேயே படுத்து, தகரம் தட்டிப் பன்றியை விரட்டுவோம். பன்றிக்குப் பின்னால் சிங்கம் வரும். பன்றி கிடைக்காத அன்று பரணில் இருப்பவரைத் தூக்கும். இந்த அறுவடையில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்ணையும், எங்கள் ஊரில் மசூதிக்கு விளக்கேற்றும் பெரியவரையும் தூக்கிவிட்டது. அதன் பிறகு கிராமத் தலைவர் முகமதி லிவோவா சொல்லி அனுப்பியதன் பேரில், செலெமானி ம்பாண்டா என்ற வனக்காவலர் துப்பாக்கியுடன் வந்து தலைவர் வீட்டில் தங்கியிருந்தார்.

என் கொல்லைக்கு அடுத்த கொல்லை ஹமிசி லிகுண்டாவுடையது. முப்பது வயதுப் பையன், நல்லவன். இரவில் அவன் தகரம் தட்டினால் நான் தட்டுவேன், நான் தட்டினால் அவன் தட்டுவான். இருவரும் உயிரோடு இருக்கிறோம் என்பதற்கு அதுதான் அடையாளம். ஆனால் அவன் ஆடுகள் நல்லவை அல்ல. அவை என் மரவள்ளிக் கொழுந்தை மேய்ந்த அன்று கிணற்றடியில் எல்லோர் முன்னிலும் அவனைத் திட்டினேன். "உன் ஆட்டச் சிங்கம் தூக்கிட்டுப் போக" என்று சொன்னேன். ஆட்டைத்தான் சொன்னேன், அவனைச் சொல்லவில்லை. அவனும் சிரித்துக்கொண்டே, "தூக்கினா கறியில பாதி உனக்குத் தரேன் அக்கா" என்றான். அவன் சிரித்தது யாருக்கும் இப்போது ஞாபகம் இல்லை, நான் திட்டியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

இது ஏன் முக்கியம் என்றால், எங்கள் பக்கத்தில் சிங்கம் இரண்டு வகை. ஒன்று காட்டுச் சிங்கம், இன்னொன்று ஏவல் சிங்கம். ஏவல் சிங்கம், ஏவியவருடைய பகையாளியைத் தின்றுவிட்டு விடிவதற்குள் ஏவியவர் வீட்டுக்கே திரும்பி, அங்கே மறைந்துவிடும் என்பார்கள். நான் அதை நம்புகிறேனா என்று அதிகாரி கேட்டார். பகலில் நம்புவதில்லை. பக்கத்து ஊரில் ம்செங்கா என்ற கிழவர் வீட்டு வாசல்வரை தடம் போயிருந்தது என்பதற்காக அவரை அடித்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்துவிட்டார். அவர் இறந்த பிறகும் அதே சிங்கம் வேறொருவரைத் தூக்கியது. அதற்காக யாரும் அவர் குழிமேட்டில் போய் வருத்தம் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

சம்பவத்தன்று எனக்குக் காய்ச்சல். பரணுக்குப் போகாமல் வீட்டில் படுத்திருந்தேன். ஹமிசியின் தகரம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது. தூங்கியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அவன் பரணில் தூங்குகிறவன் அல்ல என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் அப்படி நினைத்துக்கொண்டு போர்வையை இழுத்துக்கொண்டேன்.

விடிகாலைத் தொழுகைக்கு அழைக்கும் சத்தம் கேட்டு எழுந்து கதவைத் திறந்தேன். முற்றத்து மணலில் தடம் இருந்தது. என் கை விரித்த அளவு. வேலிச் சந்து வழியாக வந்து, தண்ணீர்ப் பானையைச் சுற்றி, நேராக என் கதவுக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறது. கதவுக்கு இந்தப் பக்கம் என் பாய். நடுவில் இருந்தது மூங்கில் தட்டியும் களிமண்ணும்தான். அது நின்ற இடத்தில் மணல் அழுந்தியிருந்தது, ஆகவே வெகுநேரம் நின்றிருக்க வேண்டும். அதன் பிறகு திரும்பி, சமையல் கொட்டகைக்கும் துவரைக் கட்டுக்கும் இடையில் புகுந்து முந்திரித் தோப்புப் பக்கம் போயிருக்கிறது. வந்த தடம், போன தடம் இரண்டையும் என் கண்ணால் பார்த்தேன். இதை அடிக்கோடு போட்டு எழுதும்படி அதிகாரியைக் கேட்டுக்கொண்டேன்.

எனக்குப் பயமாகிவிட்டது. ஆனால் சிங்கத்தை நினைத்து அல்ல, அது போய்விட்டது. ம்செங்கா கிழவரை நினைத்துத்தான். யாராவது பார்ப்பதற்குள் துடைப்பத்தை எடுத்து முற்றம் முழுவதையும் பெருக்கினேன். கதவடி, பானையடி, கொட்டகைச் சந்து என்று எதையும் விடவில்லை. என் கல்யாணத்து அன்றுகூட முற்றம் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. வேலிக்கு வெளியே இருப்பது ஊர்ப் பாதை, அதைப் பெருக்க எனக்குத் தோன்றவில்லை. தோப்புப் பக்கம் முழுக்கச் சருகு, அங்கே தடம் பதியாது. ஆகவே நான் பெருக்கி முடித்தபோது, சிங்கம் என் வேலிவரை வந்த தடம் மட்டும் உலகத்தில் பாக்கி இருந்தது, அது போன தடம் எங்கும் இல்லை. பயத்தில் செய்கிற காரியத்துக்குப் புத்தி கிடையாது. அப்போது எனக்கு ஹமிசி செத்தது தெரியாது.

அதன் பிறகு வெயில் ஏறுவதற்குள் கூட்டம் வந்தது. வில், ஈட்டி, வெட்டுக்கத்தியோடு வந்தார்கள். முன்னால் செலெமானி, அவருக்குப் பக்கத்தில் கிராமத் தலைவர், பின்னால் ஹமிசியின் அண்ணன் நசோரோ லிகுண்டா. ஹமிசியின் பரண் சரிந்து கிடந்ததையும், இழுத்துப்போன புதருக்குள் அவனில் மிச்சம் இருந்ததையும் பார்த்துவிட்டு, அங்கிருந்து தடத்தைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். தடம் என் வேலிச் சந்தில் முடிந்தது. உள்ளே துடைப்பக் கோடு மட்டும் இருந்தது. எல்லோரும் அந்தக் கோட்டைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"சோமோயே, ராத்திரி உன் வீட்டுக்கு என்ன வந்துது?" என்று தலைவர் கேட்டார்.

"ஒண்ணும் வரல."

"வேலி வரைக்கும் வந்திருக்கே."

"வேலி வரைக்கும் வந்திருந்தா வேலியக் கேளுங்க."

இப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனால் பயந்தால் எனக்கு வாய் நீளும், சிறு வயதிலிருந்தே அப்படித்தான். நசோரோ வேலிக்கு உள்ளே கால் வைக்காமல் நின்றுகொண்டு பேசினான்.

"காய்ச்சல்னு சொல்லிட்டுப் பரணுக்குப் போகாம படுத்தவ, விடியறதுக்கு முன்னாடி எழுந்து முத்தம் பெருக்குறாளாம். என் தம்பி அங்க கெடக்கிறான், இவ முத்தம் பெருக்கிக்கிட்டு நிக்கறா. உள்ள போனது சிங்கம், வெளிய வந்து நிக்கறது இவ. இதுக்கு மேல என்ன பாக்கணும்?"

அப்போதுதான் ஹமிசி செத்தான் என்பது எனக்குத் தெரிந்தது. அழுகை வந்தது, ஆனால் அழுதால் அதையும் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள் என்று அடக்கிக்கொண்டேன். அதன் பிறகு சிலர் வீட்டுக்குள் புகுந்து சிங்கத் தோல் தேடினார்கள். மூலையில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழி ஒருவன் கையைக் கொத்தியது. அவன் போட்ட கூச்சலில் வெளியே நின்றவர்களில் பாதிப் பேர் பாதைவரை ஓடிவிட்டார்கள். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். ஹமிசியின் மனைவி அஷுரா மட்டும் நகராமல் நின்றாள். என் முகத்தையே பார்த்து, "ஆட்டுக்காகவா அக்கா?" என்று கேட்டாள். நசோரோவின் வெட்டுக்கத்தியைவிட அந்தக் கேள்விதான் என்னை வெட்டியது.

செலெமானி முற்றத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இங்க சிங்கத் தடம் மட்டுமா இல்ல, கோழித் தடமும்தான் இல்ல. அப்ப அந்தக் கோழியும் ஏவலா?" என்று கேட்டார். இரண்டொருவர் சிரித்தார்கள். நசோரோ, "நீ வெளியூர்க்காரன், தம்பி. துப்பாக்கி உனக்குத் தெரியும், இது உனக்குத் தெரியாது" என்றான். செலெமானி எழுந்து, உள்ளே வந்த சிங்கம் வெளியே போயிருக்கத்தான் வேண்டும், போன இடத்தை நான் காட்டுகிறேன் என்றார். தலைவர் கூட்டத்தை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொழுது சாயறதுக்குள்ள காட்டு. சாஞ்சப்புறம் இந்த ஜனத்தப் பிடிச்சு வைக்க என்கிட்ட கயிறு இல்ல." நான் ஓடிவிடாமல் இருக்க நானும் கூடப் போக வேண்டும், செலெமானி பொய் சொல்லாமல் இருக்க நசோரோவும் போக வேண்டும் என்று முடிவாயிற்று. வேறு யாரும் வர முன்வரவில்லை.

நான் என் பரண் தகரத்தையும் தட்டும் கழியையும் எடுத்துக்கொண்டேன். செலெமானி முன்னால், நான் நடுவில், நசோரோ வெட்டுக்கத்தியோடு பின்னால். முன்னால் சிங்கம், பின்னால் நசோரோ. எதற்கு அதிகம் பயப்படுவது என்று தெரியாமல் முறை வைத்துப் பயந்துகொண்டு போனேன்.

தோப்புக்குள் நுழைந்ததும் செலெமானியிடம் மெதுவாக உண்மையைச் சொன்னேன். அது கொட்டகைச் சந்து வழியாகத்தான் போனது, நான்தான் பெருக்கிவிட்டேன் என்றேன். அவர் நின்று என்னைப் பார்த்தார்.

"ஏன் அக்கா, அங்கயே வாயத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நம்புவாங்களா?"

"மாட்டாங்க" என்றார் அவர். "ஆனா எனக்குக் கொஞ்ச நேரமாவது மிச்சமாயிருக்கும்."

அதன் பிறகு சருகில் தேட ஆரம்பித்தோம். சருகில் தடம் தெரியாது, ஆனால் கனமான உடம்பு நடந்த இடத்தில் மேல் சருகு அடியில் போய், அடியில் இருக்கும் ஈரச் சருகு மேலே வந்திருக்கும். செலெமானி அதைப் பார்த்துப் பார்த்துப் போனார். சில இடத்தில் விட்டுவிட்டார், திரும்பி வந்து மறுபடி தொடங்கினார். தோப்பு முடிந்த இடத்தில் பாறை. அங்கே எதுவும் இல்லை. வெயில் உச்சிக்கு வந்து இறங்கத் தொடங்கியிருந்தது. நசோரோ பாறைமேல் உட்கார்ந்து வெட்டுக்கத்தியைக் கல்லில் தீட்டினான். அந்தச் சத்தம் என் முதுகில் ஏறியது. "தேடுங்க, தேடுங்க. பொழுது நிக்காது" என்றான்.

பாறைக்கு அந்தப் பக்கம் பன்றித் தடம் ஒன்று ஓடைப் பக்கம் இறங்கியது. பன்றி போகும் வழியில்தான் சிங்கம் போகும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும், ஆகவே அதில் இறங்கலாம் என்று நான்தான் சொன்னேன். இறங்கினோம். புல் இரண்டு பக்கமும் தலைக்கு மேல் இருந்தது. ஓரிடத்தில் புல்லில் மயிர் ஒட்டியிருந்தது. இன்னோரிடத்தில் சிங்கத்தின் எச்சம் கிடந்தது, அதில் துணி நூல் இருந்தது. கறுப்பும் பச்சையுமாக இருந்தது. அது ஹமிசியின் சட்டை நிறமல்ல. அவனுக்கு முன்னால் போனவர்களில் ஒருவருடையதாக இருக்க வேண்டும். மூன்று பேரும் பார்த்தோம். செலெமானி அதன்மேல் மண்ணைத் தள்ளி மூடினார்.

ஓடை வற்றியிருந்தது, ஒரு குழியில் மட்டும் தண்ணீர். அந்தக் குழியைச் சுற்றி ஈர மணலில் தடம் அச்சுப்போட்டது போல் இருந்தது. முன் வலது காலில் ஒரு விரல் மட்டும் வெளிப்பக்கம் விலகியிருந்தது. ஹமிசியின் பரணடியில் பார்த்ததும் இதே விலகிய விரல்தான் என்று செலெமானி சொன்னார். நசோரோவைக் கூப்பிட்டு, "நீயே பாரு. ஏவல் சிங்கம்னா இவ வீட்டுலதான இருக்கணும், இங்க வந்து எதுக்குத் தண்ணி குடிக்குது?" என்று கேட்டார். நசோரோ மண்டியிட்டு அந்தத் தடத்துக்குள் தன் கையை வைத்துப் பார்த்தான். அவன் முகம் மாறியது. தம்பிக்காக அழப்போகிறான் என்று நினைத்தேன், ஒரு நிமிடம் அவன்மேல் எனக்குப் பரிதாபம் வந்தது.

அப்போது நான் ஒன்றைப் பார்த்தேன். தடத்துக்குள் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. தடம் நிரம்பவில்லை. ஆகவே அது போய் அதிக நேரம் ஆகவில்லை. செலெமானியின் தோளைத் தொட்டேன். கையைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்ததும் துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு எழாமலேயே கரையைப் பார்த்தார். கரையில் முள்புதர் அடர்ந்திருந்தது. நாற்றம் வந்தது. பழைய இறைச்சியும் பூனை மூத்திரமும் கலந்த நாற்றம். குருவிச் சத்தம் எதுவும் இல்லை.

அதன் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை, சொல்லிப்பார்க்கிறேன். புதருக்குள் முதலில் தெரிந்தது வால் நுனி, அது தரையில் தட்டிக்கொண்டிருந்தது. பிறகு முகம் தெரிந்தது. பிடரி மயிர் இல்லாத, மெலிந்த ஆண் சிங்கம். அது செலெமானியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது. அன்று இரவு கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற கண் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. கழியும் தகரமும் கையில் இருக்கின்றன, தட்டு தட்டு என்று மனம் சொல்கிறது, கை கேட்கவில்லை. என் துணி நனைந்தது. இதை எழுத வேண்டாம் என்று அதிகாரி சொன்னார். நடந்ததுதானே, எழுதுங்கள் என்று சொன்னேன்.

அது பாய்ந்த சத்தம் இருமல் மாதிரி இருந்தது. செலெமானி சுட்டார். அது நிற்கவில்லை. மறுபடி சுட்டார். எனக்கும் அதற்கும் இடையில் ஓர் ஆள் படுக்கும் தூரம்தான் இருக்கும், அந்த இடத்தில் மண்ணைக் கடித்துக்கொண்டு விழுந்தது. அதன் பின்னங்கால் வெகுநேரம் மணலைக் கீறிக்கொண்டிருந்தது. செலெமானியும் நானும் இருந்த இடத்திலேயே இருந்தோம். நசோரோ எங்கே என்று திரும்பிப் பார்த்தால் அவன் வெட்டுக்கத்தி மட்டும் கீழே கிடந்தது, ஆள் கரையில் இருந்த புளியமரத்தின் மேலே இருந்தான். எப்படி ஏறினான் என்று அவனுக்கும் தெரியாது. இறங்குவதற்குத்தான் சிரமப்பட்டான்.

இறங்கி வந்தவன் என் அருகில் வந்து, இதுவரை இல்லாத மரியாதையோடு, "அக்கா, நான் மரத்துல இருந்தத ஊர்ல சொல்லிடாத" என்றான்.

"நீ தடத்தப் பாத்தேன்னு ஊர்ல சொல்லு. நான் மரத்தப் பாக்கவே இல்ல" என்றேன்.

பொழுது சாய்வதற்குள் ஊருக்கு வந்தோம். ஆட்கள் போய்த் தூக்கிவந்த சிங்கத்தின் விலகிய விரலை எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். நசோரோ தலைவர் முன்னால், "போன தடத்தப் பாத்தேன்" என்று சொன்னான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. ஹமிசியின் அடக்கத்தில் நான் பெண்களோடு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. கிணற்றடியில், தன் சிங்கத்தைத் தானே காட்டிக்கொடுத்துத் தப்பித்துக்கொண்டாள் என்று ஒரு பேச்சு இருந்தது. அதைச் சொன்னவர் யார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்ல விரும்பவில்லை.

அதன் பிறகு ஒரு நாள் மாலை அஷுரா என் வீட்டுக்கு வந்தாள். வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, "அவரு தகரம் நின்னுச்சே, அது உங்களுக்குக் கேட்டுதா அக்கா?" என்று கேட்டாள். கேட்டது என்றேன். தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "எனக்கும் கேட்டுது. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன்" என்றாள். உள்ளே வந்து உட்கார்ந்தாள். அன்று இருவரும் அழுதோம்.

நசோரோ நாளாக ஆக வேறு மாதிரிப் பேசத் தொடங்கினான். சிங்கம் பாய்ந்தபோது தானும் வெட்டினேன் என்றான். பிறகு தான் வெட்டிய பிறகுதான் செலெமானி சுட்டார் என்றான். செலெமானி வேறு ஊருக்குப் போய்விட்டதால் மறுத்துச் சொல்ல ஆள் இல்லை. ஒரு நாள் டீக்கடையில் அவன் இதைச் சொல்லும்போது நான் எண்ணெய் வாங்கிக்கொண்டு அந்த வழியாகப் போனேன். யாரோ, "கத்தியில ரத்தமே காணோமே, நசோரோ?" என்று கேட்டார்கள். நான் வாக்குக் கொடுத்தபடி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் சிரித்துவிட்டேன். வாயைக் கட்டலாம், சிரிப்பைக் கட்ட முடியவில்லை. அவன் எழுந்து எல்லோர் முன்னிலும், "சிரிக்கிறாளே பாத்தீங்களா. இன்னொரு தடவ அந்த முத்தத்துல சிங்கத் தடம் தெரியட்டும். தடம் எங்க போச்சுன்னு நான் தேடமாட்டேன். வீட்டோட வச்சுக் கொளுத்துவேன்" என்றான். யாரும் அவனை அடக்கவில்லை. ஒருவர் சரிதான் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

அன்றிலிருந்து நான் என் முற்றத்தைப் பெருக்குவதில்லை. பெருக்காத முற்றம் உள்ள வீட்டில் பெண் இல்லை என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். வருவதும் போவதும் மணலில் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்று விடிகாலையில் கதவைத் திறந்தேன். தடம் இருந்தது. விலகிய விரல் இல்லை. முன்னதைவிடச் சிறியது, பெண் சிங்கமாக இருக்கலாம். செத்ததோடு சேர்ந்து திரிந்ததோ என்னவோ, அது எனக்குத் தெரியாது. அதே வேலிச் சந்து, அதே கதவு. என் கை தானாகத் துடைப்பத்துக்குப் போனது. எடுத்துவிட்டேன். பிறகு அதை வீட்டுக் கூரைமேல் வீசிவிட்டேன், எடுக்க முடியாத இடத்தில்.

அதன் பிறகு, காற்று எழுவதற்கும் கோழி இறங்குவதற்கும் முன்னால், வீட்டிலிருந்த சட்டி, பானை, முறம், சலவைத் தொட்டி, மூடி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் தடத்தின்மேல் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். வந்த தடம் மூடியாயிற்று. கதவடியில் நின்ற தடமும் மூடியாயிற்று. போன தடத்துக்குப் பாதியிலேயே பாத்திரம் தீர்ந்துவிட்டது. எது போனாலும் போகலாம், அது போகக் கூடாது. பாதையில் நின்று என்ன செய்வது என்று தெரியாமல் அஷுராவைக் கூப்பிட்டேன். அவள் வந்து வேலிக்குள் பார்த்தாள். உடனே வீட்டுக்குப் போய்த் தன் சட்டிகளைத் தலையில் அடுக்கிக்கொண்டு வந்தாள். ஹமிசியின் சாப்பாட்டுத் தட்டும் அதில் இருந்தது. கொட்டகைச் சந்தில் கடைசித் தடத்தின்மேல் அதைக் கவிழ்த்துவிட்டு, கையில் கழியோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "நீங்க ஸ்டேஷனுக்குப் போய்ட்டு வாங்க அக்கா. கோழியும் வராது, நசோரோவும் வரமாட்டான்" என்றாள். கோழி வராமல் அவளால் பார்த்துக்கொள்ள முடியும். மற்றது எனக்குத் தெரியவில்லை, ஆகவே வழியெல்லாம் ஓட்டமும் நடையுமாக வந்தேன்.

அதிகாரி கேட்டதன் பேரில் மேலும் சொல்வதாவது: நசோரோ மரத்தில் ஏறியதைப் பற்றி நான் கொடுத்த வாக்கை இன்று மீறிவிட்டேன். ஆனால் மரத்தில் ஏறியது குற்றம் என்று நான் சொல்லவில்லை. என் கால் எழும்பியிருந்தால் நானும் ஏறியிருப்பேன். நான் கேட்பது இவ்வளவுதான்: துப்பாக்கியுள்ள ஆளை மறுபடி அனுப்புங்கள், ஏனென்றால் சிங்கம் இன்னும் இருக்கிறது. அதற்கு முன்னால் நீங்களே இப்போது கிளம்பி வந்து, பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் உங்கள் கண்ணால் பார்த்து, உங்கள் கையால் எழுதிக்கொள்ளுங்கள். நான் சொன்னால் நம்பமாட்டார்கள், நீங்கள் எழுதியதை நம்பலாம். எங்கள் இரண்டு வீட்டிலும் இன்று உலை வைக்கப் பாத்திரம் இல்லை. அஷுராவுக்குக் குழந்தைகள் இருக்கின்றன. ஆகவே தாமதிக்க வேண்டாம்.

மேலே கண்டவை என் வாயால் சொன்னவை. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. என் சொல்லுக்கு நானே பொறுப்பு என்பதற்கு அடையாளமாகக் கீழே என் இடது கைப் பெருவிரலைப் பதிக்கிறேன். மை காய்வதற்குள் தாளை மடித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

(சோமோயே பக்காரி, இடது பெருவிரல் ரேகை)